குண்டு விழுந்த நகரங்களில் கொள்ளைநோய் ஏன் வரவில்லை? (பிரிட்டன், 1939–45)

கரிசல்காரன்:

இரண்டாம் உலகப்போர் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு ஒரு கேள்வி வந்து நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி இரண்டு மாதம் கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் லண்டன்மேல் குண்டு விழுந்தது. தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடுகின்றன, ஒரே குண்டில் இரண்டும் உடைகின்றன. சுரங்க ரயில் நிலையங்களில் அந்த செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு தலை எண்ணியபோது 1,77,000 பேர் படுத்திருந்தார்கள். நடைமேடை, படிக்கட்டு என்று இடுக்கு விடாமல் ஆட்கள், மூச்சோடு மூச்சு உரசுகிற நெருக்கம். இதற்கு ஓராண்டு முன்பே, 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களில், ஏறக்குறைய பதினைந்து லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரு நகரத்துக் கிருமி இன்னோர் ஊருக்குப் போக இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

டைபாய்டு வரும், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வரும், பேன் பரப்புகிற டைபஸ்கூட வரலாம் என்று அரசே பயந்தது. ஆனால் அந்த அளவில் எதுவும் வரவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு நகராட்சியிலும் ஒரு ஹெல்த் ஆபீசர், அவருக்குக் கீழே சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள், வீடு வீடாகப் போகிற ஹெல்த் விசிட்டர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. லிவர்பூலில் 1847-இல் டங்கன் என்ற டாக்டரை அந்த வேலைக்கு வைத்ததில் தொடங்கி, தொண்ணூறு ஆண்டுப் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நாட்டைக் காப்பாற்றியது அவர்கள்தான் என்பது என் எண்ணம். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

நல்ல இழை அண்ணை. நான் இருப்பது கிழக்கு லண்டனில், நீங்கள் சொல்லுகிற குண்டுகள் விழுந்த பக்கம்தான். லண்டன் வட்டாரங்களின் ஹெல்த் ஆபீசர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, ஐயாயிரத்துக்கும் மேல். இரவில் நித்திரை வராவிட்டால் அதில்தான் உலாவுவேன். போர் ஆண்டு அறிக்கைகள் மெலிந்தவை, ஆனால் வரிக்கு வரி விஷயம்.

நோய் அறிவிப்பு என்ற ஏற்பாடுதான் இதற்கெல்லாம் அடித்தளம் என்று எனக்குப் படுகிறது. தொண்டை அடைப்பான், ஸ்கார்லட் காய்ச்சல், டைபாய்டு என்று பட்டியலில் உள்ள ஒரு நோயைப் பார்த்த டாக்டர், ஒரு சீட்டில் நோயாளியின் பெயரும் முகவரியும் எழுதி ஹெல்த் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். 1889 சட்டத்தில் ஒரு சீட்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணம்கூட வைத்தார்கள். சீட்டு வந்ததும் இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்குப் போவார், நோயாளி தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார், பால் எங்கே வாங்குகிறீர்கள், பிள்ளை எந்தப் பள்ளி என்று விசாரணை நடக்கும். வாரம் முடிந்தால் எண்ணிக்கை மேலே போகும். போர் வந்ததும் தட்டம்மையையும் கக்குவான் இருமலையும் நாடு முழுக்க இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் 1940-லும் 1941-லும் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் தட்டம்மை என்று இன்றைக்கு நம்மால் சொல்ல முடிகிறது.

அதனால் "எதுவும் வரவில்லை" என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். வந்தது, நிறையவே வந்தது. கை மீறிப் போகவில்லை, அவ்வளவுதான்.

நிலா:

ஈஸ்ட்ஹாம்வாசி சொன்னது சரி. 1940 தொடக்கத்தில் மூளைக்காய்ச்சல் பெரிதாக வந்தது, அந்த ஓராண்டில் மட்டும் 12,000 பேருக்கு மேல். முந்தைய போரில் அது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இந்த முறை எம் அண்ட் பி 693 என்ற சல்ஃபா மாத்திரை இருந்தது, டாகன்ஹாமில் உள்ள மே அண்ட் பேக்கர் கம்பெனி 1938-இல் கொண்டுவந்தது. சர்ச்சிலுக்கு 1943 டிசம்பரில் நிமோனியா வந்தபோது கொடுத்ததும் ஒரு சல்ஃபா மருந்தைத்தான். பாராட்டை எல்லாம் இன்ஸ்பெக்டர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள், மருந்துக்கும் பங்கு இருக்கிறது.

பழைய இன்ஸ்பெக்டர்:

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் நான், தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். தண்ணீர் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் 1940-இல் தொடங்குகிறீர்கள், அதற்கு மூன்று ஆண்டு முன்னால் போக வேண்டும். 1937 இலையுதிர் காலம், லண்டனுக்குத் தெற்கே குரோய்டன். அடிங்டன் என்ற இடத்தில் இருந்த கிணற்றில் ஆட்கள் இறங்கி வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது. அவருக்கு அது தெரியாது, ஆள் நன்றாகத்தான் இருந்தார். அதே நாட்களில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல், குளோரின் போடாமல் விட்டிருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பது ஹெல்த் ஆபீசருக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்க்கிற பொறியாளர் பிரிவு அவரிடம் சொல்லவில்லை. ஒரே நகராட்சியின் இரண்டு பிரிவுகள்! 341 பேருக்கு டைபாய்டு, 43 பேர் இறந்தார்கள்.

எனக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பணியில் இருந்தபோது ஒரு மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறார்கள் என்பதே, மறுநாள் குழாயடியில், தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டுகிற குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் வராததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

குரோய்டனில் பகிரங்க விசாரணை நடந்தது, நாடே படித்தது. அதற்குப் பிறகு போர் வந்தபோது தண்ணீரில் குளோரின் போடுவதா வேண்டாமா என்று வாதாட யாருக்கும் தைரியம் இல்லை. குண்டில் குழாய் உடைந்தால், ஒட்டிய பிறகு அந்தப் பகுதிக் குழாயில் வழக்கத்தைவிட அதிகமாகக் குளோரின் செலுத்திக் கழுவிவிட்டுத்தான் திறந்தார்கள். அதுவரை தண்ணீர் வண்டி, தெருமுனைக் குழாய், "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்ற அறிவிப்பு. அத்தனை குழாய் உடைந்தும் தண்ணீரால் ஒரு பெரிய டைபாய்டு வரவில்லை என்றால் அந்த 43 பேர் விட்டுப்போன பாடம் அது. அதிர்ஷ்டம் என்று சொல்லவே கூடாது.

தேன்மொழி:

பதுங்கிடங்களில் கழிப்பறை எல்லாம் இருந்ததா? பதினாயிரம் பேர் ஓர் இரவு ஒரே இடத்தில் என்றால் எனக்கு முதலில் அதுதான் தோன்றுகிறது.

ஈஸ்ட்ஹாம்வாசி:

முதல் வாரங்களில் இல்லை தங்கச்சி. ஸ்டெப்னியில் டில்பரி என்று ஒரு பெரிய சரக்குக் கிடங்கு, சில இரவுகளில் 14,000 பேர் வரை அதற்குள் இருந்தார்கள். கழிப்பறை பெயருக்கு ஒன்றிரண்டு. மக்கள் தரையிலேயே போய், அதன் மேலேயே நடந்து, அருகிலேயே படுத்தார்கள். அரசு முதலில் பெரிய பொதுப் பதுங்கிடங்களை விரும்பவும் இல்லை, சுரங்க ரயில் நிலையத்துக்குள் மக்களை விடவும் தயங்கியது. சனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வராமல் இருந்துதான் அதை மாற்றியது.

அந்த செப்டம்பரிலேயே லார்ட் ஹோர்டர் என்ற டாக்டர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். நெரிசலைக் குறை, அடுக்குக் கட்டில் போடு, ஆளுக்கு இடச்சீட்டு கொடு, கழிப்பறை வை, நர்ஸும் டாக்டரும் உள்ளேயே இருக்கட்டும் என்ற பாதையில் வேலை நகர்ந்தது. குளிர்காலம் முடிவதற்குள் பல இடங்கள் ஆளே மாறிப்போயின. சுரங்கத்தில் மோலெஸ்டஸ் என்ற கொசு வேறு கடித்துத் தொல்லை கொடுத்தது, அதற்கும் மருந்து அடித்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கதை. பழச்சந்தைக் கட்டடத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர். மிக்கி டேவிஸ் என்று ஒரு கண்ணாடிக்கடைக்காரர், மிகவும் குள்ளமான மனிதர், யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொண்டார். பதுங்கியிருந்த மக்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள், மருத்துவ இடம் ஒன்று வைத்தார்கள், உள்ளே நடந்த கேன்டீனின் லாபத்தில் பிள்ளைகளுக்கு இலவசப் பால் கொடுத்தார்கள். நகராட்சி செய்ய வேண்டியதை நகராட்சிக்கு முன்னால் செய்துவிட்டார்கள். கரிசல்காரன் அண்ணை, உங்கள் பட்டியலில் இந்த மனிதரையும் சேருங்கள்.

முகிலன்:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். காசநோய் பற்றி யாரும் பேசவில்லையே.

1939-இல் அரசு போட்ட கணக்கு என்ன? முதல் அறுபது நாளில் ஆறு லட்சம் பேர் குண்டில் சாவார்கள், அதைப்போல் இரு மடங்கு பேர் காயப்படுவார்கள். அந்தக் காயக்காரர்களுக்குக் கட்டில் வேண்டுமென்று செப்டம்பர் முதல் நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆஸ்பத்திரிகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சானடோரியத்தில் இருந்த காசநோயாளிகள். சளியில் கிருமியோடு, ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டுக்கு, ஜன்னலை இருட்டடிப்புத் துணியால் மூடிய வீட்டுக்குப் போனார்கள். காயக்காரர்கள் அந்த எண்ணிக்கையில் வரவே இல்லை, கட்டில்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தன. பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த காசநோய் இறப்பு 1940-லும் 1941-லும் ஏறியது.

அப்புறம் விழித்துக்கொண்டார்கள், உண்மைதான். 1943-இல் சின்ன ஃபிலிமில் கூட்டம் கூட்டமாக எக்ஸ்ரே எடுக்கிற வண்டிகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. வேலையை விட்டுவிட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர் குடும்பத்துக்கு உதவித்தொகையும் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குணமாகி வேலைக்குத் திரும்பக்கூடியவர் என்றால்தான் பணம். நாள்பட்ட நோயாளிக்குக் கிடையாது. வீட்டில் இருந்து இருமி மற்றவர்களுக்குக் கொடுக்கப்போவது அந்த நாள்பட்ட நோயாளிதானே? நோயை நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்கிற காரியமா இது?

கரிசல்காரன்:

முகிலன், இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டிலைக் காலி செய்யச் சொன்ன உத்தரவு மேலே இருந்து வந்தது. உள்ளூர் ஆட்களைக் கேட்டிருந்தால், வீட்டுக்கு அனுப்பக்கூடாதவர்கள் யார் என்று முகவரியோடு சொல்லியிருப்பார்கள். காசநோயும் அறிவிக்க வேண்டிய நோய்தான், சீட்டு அவர்கள் அலுவலகத்தில்தான் இருந்தது.

நிலா:

சொறி சிரங்கு பற்றி எழுத வந்தேன். நான் நர்ஸ். வார்டில் ஒருவருக்கு ஸ்கேபிஸ் என்று சொன்னதும் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "மெத்தையை எரித்துவிடலாமா?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததே இந்தப் போரில்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

கிராமங்களுக்குப் போன நகரத்துப் பிள்ளைகள் தலையில் பேனும் உடம்பில் சிரங்குமாக இறங்கினார்கள். வீட்டைத் திறந்துவிட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள், பத்திரிகைகளில் அம்மாக்களைத் திட்டி எழுதினார்கள். பள்ளி மருத்துவப் பரிசோதனைக் கணக்கு, பேன் அவ்வளவாக இல்லை என்றுதான் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தது. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியல் ஆராய்ச்சியாளர் தொற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். தொழில் நகரங்களில் சின்னப் பெண்பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் தலையில் பேன். பள்ளியில் நர்ஸ் வருகிற நாள் முன்பே தெரியும், அம்மாக்கள் சீவி அனுப்பிவிடுவார்கள், நம் ஊரிலும் நடக்கிறதுதானே. அதனால் கணக்கு எப்போதும் குறைவாகவே வந்தது.

அதே மெல்லன்பிதான் 1941-இல் ஷெஃபீல்டில் ஒரு வீட்டில், போருக்குப் போக மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்களை வைத்துச் சிரங்கு ஆராய்ச்சி செய்தார். சிரங்கு பிடித்த சிப்பாய்கள் கழற்றிப்போட்ட உள்ளாடையைத் துவைக்காமல் அந்த இளைஞர்கள் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சிப்பாய்களின் போர்வையில் உடம்பில் துணியில்லாமல் தூங்கினார்கள். கிட்டத்தட்ட யாருக்கும் வரவில்லை! நோயாளியோடு ஒரே படுக்கையில் படுக்க வைத்தபோதுதான் வந்தது. முதல் தடவை வருகிறவருக்கு ஒரு மாதம் வரை அரிப்பே தெரியாது என்பதையும் அவர்கள் உடம்பை வைத்துத்தான் உறுதியாகக் கண்டார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்.

அதுவரை நகராட்சிகள் போர்வை, மெத்தைகளை நீராவியில் அவித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு ஆள், எவ்வளவு எரிபொருள், அதுவும் போர்க்காலத்தில். அதைவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, கழுத்திலிருந்து கால்வரை பென்சைல் பென்சோவேட் என்ற மருந்தைத் தடவினால் போதும் என்று ஆனது. 1941-இல் ஸ்கேபிஸ் ஆணை என்று ஒன்றும் வந்தது, வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பரிசோதிக்க ஹெல்த் ஆபீசருக்கு அதிகாரம் கொடுத்தது. நான் இன்றைக்கும் நோயாளி வீட்டாரிடம் சொல்வது இதைத்தான்: மெத்தையை விடுங்கள், வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

பழைய இன்ஸ்பெக்டர்:

அருமையாக எழுதினீர்கள் அம்மா. துப்பாக்கி எடுக்க மறுத்த பிள்ளைகள் செய்த சேவை, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னொரு விஷயம். நகராட்சி ஆட்கள் மட்டும் இருந்து பயனில்லை, மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க லேப் வேண்டும். 1939-இல் அவசரப் பொதுச் சுகாதார ஆய்வகச் சேவை என்று தொடங்கினார்கள், எதிரி கிருமியைத் தூவுவான் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். டாப்லி என்ற பேராசிரியர் திட்டம் போட்டார், கிரஹாம் வில்சன் 1941 முதல் நடத்தினார். எதிரி கிருமி தூவவில்லை. ஆனால் அந்த லேப்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூளோடு, பிரிட்டன் அதுவரை பார்க்காத, வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமி வகைகள் வந்ததைக் கண்டுபிடித்தது அவர்கள்தான். போலி க்ரீம் வைத்த கேக்கிலிருந்து டைபாய்டு மாதிரியான பாராடைபாய்டு காய்ச்சல் பரவியதையும் துப்பு துலக்கினார்கள். போர் முடிந்ததும் மூடிவிடாமல் 1946-இல் நிரந்தரமாக்கினார்கள். அது பெரிய புத்திசாலித்தனம்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததும் இதே 1939-இல்தான். இந்த இங்கிலாந்து ஹெல்த் ஆபீசர் முறையைப் பார்த்து எழுதியது. நான் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் எல்லாம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளில்தான்.

தேன்மொழி:

தொண்டை அடைப்பான் தடுப்பூசி போரில் வந்ததா, முன்பே இருந்ததா?

நிலா:

முன்பே இருந்தது தேன்மொழி. அதுதான் இந்தக் கதையிலேயே என்னால் தாங்க முடியாத பகுதி.

அந்தத் தடுப்பூசிக்கான மருந்து, டாக்ஸாய்டு, 1923 வாக்கில் தயார். பிரான்சில் ரமோன், இங்கிலாந்தில் வெல்கம் ஆய்வகத்தில் கிளென்னி, இருவரும் அதே ஆண்டுகளில். அதாவது இங்கிலாந்து தன் வீட்டிலேயே வைத்திருந்தது. கனடாவில் டொரான்டோவும் ஹாமில்டனும் பிள்ளைகளுக்குப் போட்டு 1930-களிலேயே இறப்பைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் சில ஊர்கள் போட்டன, பல ஊர்கள் போடவில்லை. விருப்பம் இருந்தால் போடலாம், ஆனால் மருந்துக்கு நகராட்சி தன் காசைக் கொடுக்க வேண்டும். எங்களிடம் தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, நோய் வந்த பிறகு போடுகிற ஆன்டிடாக்ஸின் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளையின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் சவ்வு படர்ந்து, கழுத்து வீங்கி, மூச்சுக் குழாயைத் துளைத்து வைத்த பிறகு தேடுகிற ஆன்டிடாக்ஸின்.

1940 கடைசியில்தான் அரசு மருந்தை நகராட்சிகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வில்சன் ஜேம்சன் தலைமை மருத்துவ அதிகாரியாக வந்த ஆண்டும் அதுதான். பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி முந்தைய நூற்றாண்டில் பட்ட எதிர்ப்பு நினைவில் இருந்ததால், இதைக் கட்டாயமாக்கவில்லை. போஸ்டர், ரேடியோ, சினிமாத் தியேட்டரில் படம், எல்லாவற்றையும்விட வீட்டு வாசலில் நின்று பேசுகிற ஹெல்த் விசிட்டர். 1940-இல் பிரிட்டன் முழுவதும் 61,000 பேருக்கு மேல் நோய், 3,283 இறப்பு. 1957-இல் 38 பேர், ஆறு இறப்பு. அதே போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேயில் 1939-இல் நூறு பேருக்குக்கூட இல்லாத நோய் 1943-இல் 22,000-ஐத் தாண்டியது. ஊசி போட்டதன் பலனை வேறெங்கும் தேட வேண்டாம்.

முகிலன்:

அப்படியானால் 1923-க்கும் 1940-க்கும் இடையில் போன பிள்ளைகள்? ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் என்றால், கூட்டிப் பார்க்கவே மனம் வரவில்லை. கரிசல்காரன், உங்கள் ஹெல்த் ஆபீசர்கள் அப்போதும் அதே நாற்காலியில்தானே இருந்தார்கள்?

கரிசல்காரன்:

இருந்தார்கள். நேற்று முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளூர் ஆட்கள் காப்பாற்றினார்கள் என்று ஒரு வரியில் எழுதினேன், அது பாதிதான். கைக்குக் கருவி வந்த இடத்தில் காப்பாற்றினார்கள். குளோரின் வந்தது, லேப் வந்தது, இலவச ஊசி வந்தது, வீடு வீடாகப் போகிற கால்களும் முகவரிச் சீட்டும் ஏற்கெனவே இருந்தன, அதனால் சில மாதங்களில் வேலை நடந்தது. காசநோயில் கட்டிலைப் பிடுங்கினார்கள், சீட்டு கையில் இருந்தும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊசி விஷயத்தில் காசு தராமல் பதினேழு ஆண்டு விட்டுவைத்தார்கள். தங்கள் நகராட்சியிடம் சண்டை போட்டு வாங்கிப் போட்ட ஹெல்த் ஆபீசர்கள் சிலர் இருந்தார்கள் என்றால், சண்டை போடாதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றிப் பேச நான் வரமாட்டேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி, அந்த அறிக்கைகளில் 1930-களில் சொந்தக் காசில் ஊசி போட்ட வட்டாரம் எது, போடாத வட்டாரம் எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா? வேலையை நான் பாதி எடுத்துக்கொள்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

முடியும் அண்ணை. ஒவ்வோர் அறிக்கையிலும் தொண்டை அடைப்பானுக்குத் தனிப் பகுதி இருக்கும், எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை பேருக்கு நோய் என்று. நான் தேம்ஸுக்கு வடக்கே உள்ள வட்டாரங்களை எடுக்கிறேன், நீங்கள் தெற்கே. 1934-இலிருந்து தொடங்குவோம்.